காத்திருப்புக்கு ஒரு குறி

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு திருச்சியின் இ-சேவை மையங்களில் முதல் பட்டதாரி சான்றுக்குக் கூட்டம் சேர்ந்துவிடும். பொறியியல் கலந்தாய்வு வழியே சேரும் முதல் தலைமுறை மாணவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை கிடைப்பது அந்தச் சான்றை வைத்துத்தான். யூசர் ஃப்ளோ (பயனர் பாதை) என்று நாம் வரைவதை இந்த ஒரு வேலையில் வைத்து உரசிப் பார்க்கலாம்.

நம்மில் பெரும்பாலோர் வரையப்போவது இதுதான்: லாகின், கேன் எண் (குடிமக்கள் அணுகல் எண்), படிவம், ஆவணப் பதிவேற்றம், கட்டணம், ஒப்புகைச் சீட்டு. கடைசிப் பெட்டிக்குப் பச்சை நிறம். மாணவியின் கையில் அப்போது இருப்பது ஒரு விண்ணப்ப எண் மட்டுமே.

முதலில், கீபோர்டில் இருக்கும் கை யாருடையது? பெரும்பாலும் மைய ஊழியருடையது. மாணவி மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறாள். திரை அவளுக்குத் தெரியாது. கேன் பதிவுக்கான ஓடிபி அப்பாவின் செல்போனுக்குப் போகிறது. அது ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண் என்றால் வேலை அங்கேயே நின்றது. அடுத்து வட்டம், வருவாய் கிராமம் என்று டிராப்-டவுன்கள். திருச்சி மாநகரிலேயே கிழக்கு, மேற்கு என்று இரண்டு வட்டங்கள். ஸ்ரீரங்கம் வட்டமோ தீவோடு முடிவதில்லை. காவிரிக்குத் தெற்கே சோமரசம்பேட்டை, இனாம்குளத்தூர் எல்லாம் அதில்தான். மலைக்கோட்டை அடிவாரத்தில் வாடகைக்குக் குடியிருந்து, ரேஷன் கார்டில் இன்னும் சோமரசம்பேட்டை முகவரியை வைத்திருக்கும் குடும்பம் எதைத் தேர்ந்தெடுக்கும்? தவறாகத் தேர்ந்தெடுத்தால் திரையில் சிவப்பு எழுத்து எதுவும் வராது. மனு வேறொரு கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ச் சேரும், அவ்வளவே.

சரியாகவே போனாலும் அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், பிறகு துணை வட்டாட்சியர். குடும்பத்தில் ஒவ்வொருவரும் எதுவரை படித்தார்கள் என்று விசாரணை உண்டு. விளக்கம் கேட்டு மனு திரும்பலாம். இத்தனையும் 'விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட்டது' என்ற திரைக்குப் பின்னால் நடப்பவை. நம் படத்தில் இவற்றுக்கு இடமில்லை.

முன்பு இடமிருந்தது. ஃபிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் 1921-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் வேலையோட்டப் படத்தை அறிமுகப்படுத்தினார்கள். அதே சங்கம் 1947-இல் அதற்கு ஐந்து குறிகளைத் தரப்படுத்தியது: செயல், இடமாற்றம், சோதனை, காத்திருப்பு, சேமிப்பு. தொழிற்சாலையில் வேலை ஆய்வு பயின்றவர்களுக்குக் காத்திருப்பைக் குறிக்கும் 'டி' எழுத்து அத்துப்படி. ஒரு இரும்புத் தகடு எத்தனை நேரம் சும்மா கிடந்தது என்று அவர்கள் எழுதி வைத்தார்கள். நாமோ செவ்வகத்தையும் வைரக் கட்டத்தையும் வைத்துக்கொண்டு, மனிதர் சும்மா உட்கார்ந்திருக்கும் நாட்களை ஒரு அம்புக்குறிக்குள் அடக்கிவிட்டோம். மென்பொருள் வடிவமைப்பு வளர்ந்ததாகச் சொல்லிக்கொள்கிறோம். இந்த ஒரு விஷயத்தில் பின்னால்தான் போயிருக்கிறோம் என்பது என் கருத்து.

பாதையின் தொடக்கத்திலும் இதே கோளாறு. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் தட்கல் 11 மணிக்குத் திறக்கும். ஆனால் 2025 ஜூலை முதல் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். முந்தின நாளே கணக்கில் அதை முடிக்காதவருக்கு 11 மணிக்கு என்ன வேலை? பாதையை 11 மணியிலிருந்து வரைபவர் பாதியைத்தான் வரைகிறார்.

காத்திருப்பை ஒரு பெட்டியாக வரைந்து பாருங்கள். உடனே கேள்விகள் எழும்: கோப்பு இப்போது யார் மேசையில் இருக்கிறது? எத்தனை நாள்? அதற்குள் கலந்தாய்வுத் தேதி வந்துவிட்டால்? மனு திரும்பினால் குறுஞ்செய்தி யாருக்கு: மாணவிக்கா, மைய ஊழியருக்கா, உபயோகத்தில் இல்லாத அந்தப் பழைய எண்ணுக்கா? திரைகளை மட்டும் அடுக்கும் படம் இதில் ஒன்றைக்கூடக் கேட்காது.

உங்கள் கையில் இப்போது இருக்கும் திட்டத்தில் ஒரே ஒரு பாதையை எடுத்து, ஐந்து குறிகளாலும் மறுபடி வரையுங்கள். மேசையில் உட்கார்ந்து அல்ல. ஒரு காலைப்பொழுது பயனர் பக்கத்தில் நின்று. பெயர், எண் போன்ற விவரங்களை நீக்கிவிட்டு எங்களுக்கு அனுப்புங்கள். தேர்ந்தவற்றைக் குறிப்புகளோடு இந்த இதழில் வெளியிடுவோம்.