‘ஒப்’ இல்லேன்னா கேஸ் லீக்!

கேன்டீன் வாசல்ல உட்கார்ந்து போற வர்ற பொண்ணுங்களை கமென்ட் அடிக்கிற சீனியர்ஸ் பத்தி எங்க க்ளாஸ் பொண்ணு ஒருத்தி ஹெச்.ஓ.டி.கிட்ட லெட்டர் கொடுத்தா. ‘அவங்க பிஹேவியர் நாக்‌ஷஸ்’னு அதுல ஒரு வரி. ‘‘ஏம்மா, அவனுங்க என்ன கேஸ் லீக்கா?’’ன்னார் சார். ஸ்டாஃப் ரூமே சிரிச்சுது. அந்தச் சிரிப்புல கம்ப்ளெயின்ட் காணாமப் போச்சு!

நாக்‌ஷஸ்னா பெரும்பாலும் உடம்புக்குக் கெடுதல் பண்றது. கெமிஸ்ட்ரி லேப்ல குளோரின் கசிஞ்சா, அது நாக்‌ஷஸ். சகிக்க முடியாத பேச்சு, நடத்தைன்னா முன்னாடி ஒரு ‘ஒப்’ சேர்க்கணும்... ஒப்நாக்‌ஷஸ்! ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான். ‘நோக்ஸா’ன்னா லத்தீன்ல தீங்கு.

அதுக்காக மொக்கை ஜோக் சொல்ற ஃப்ரெண்டை ஒப்நாக்‌ஷஸ்னு திட்டாதீங்க பாஸ். அவன் வெறும் அனாயிங். அதே மாதிரி, கமென்ட் அடிக்கிறவனை ‘நாட்டி’ன்னு செல்லம் கொஞ்சவும் வேணாம். அது யு.கே.ஜி. வாண்டுக்கு!

வார்த்தையில என்ன இருக்குங்கிறீங்களா? தமிழ்நாட்டுல 1998-ல வந்த ‘ஈவ் டீசிங்’ தடைச் சட்டத்தோட பேரையே பின்னாடி ‘ஹராஸ்மென்ட்’னு மாத்தினாங்க. டீசிங்னா ஏதோ விளையாட்டு மாதிரி இருக்கில்ல?

நம்ம பொண்ணு லெட்டரைத் திருப்பி எழுதினா. எந்த தேதி, எந்த இடம், என்ன சொன்னாங்கன்னு வரிசையா போட்டுட்டு, கடைசியா ஒரே ஒரு ‘ஒப்நாக்‌ஷஸ்’.

இந்தத் தடவை யாரும் சிரிக்கலை.