டபிள்யூன்னா வெயில் இல்லீங்க!

"நம்ம ஊரு வெயிலுக்கு மெல்லிசு ஆயில் தாங்காது சார், 20டபிள்யூ-50 ஊத்திருவோம்."

பல ஒர்க்‌ஷாப்புல இதுதான் வேதவாக்கு. புதுக் காருக்கும் அதே டின், பழைய வேனுக்கும் அதே டின். ஆபீஸ்ல பக்கம் பக்கமா டாகுமெண்ட் படிக்கிற நம்ம பொட்டி தட்டுற மக்கள், கார் மேனுவலை மட்டும் பிளாஸ்டிக் கவர்கூட பிரிக்காம வச்சிட்டு இதுக்குத் தலையாட்டிட்டு வர்றாங்க. அதான் கடுப்பு.

மொதல்ல நம்பரைப் பார்ப்போம். டபிள்யூன்னா விண்டர். முன்னாடி இருக்கிற நம்பர் குளிர்ல ஸ்டார்ட் ஆகுறதுக்கு. 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15லும் சோதிக்கிறாங்க. பின்னாடி நம்பர் 100 டிகிரி சூட்டில் இருக்கிற கெட்டித்தனம்.

"மெட்ராஸ்ல ஏதுய்யா மைனஸ்?" நியாயமான கேள்வி. ஆனா அதை வச்சு பின் நம்பரை 20லேர்ந்து 50க்கு ஏத்துறது எந்த ஊரு நியாயம்? தண்ணியில குளிர்ற இன்ஜின்ல தெர்மோஸ்டாட்னு ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். ஆஸ்லோ குளிர்ல கிளம்பின காரும், வேலூர் வெயில்ல கிளம்பின காரும் கொஞ்ச நேரத்துல கூலன்ட்டை 90 டிகிரிக்குப் பக்கத்துல கொண்டுவந்துரும். 100 டிகிரியில 20 கிரேடு 6.9லேர்ந்து 9.3 சென்டிஸ்டோக்குக்குள்ள. 50 கிரேடு 16.3க்குக் குறையாது. ஏறக்குறைய ரெண்டு மடங்கு! காலையில ஸ்டார்ட் பண்றப்போ வித்தியாசம் இன்னும் அதிகம். மைலேஜ் அடிவாங்கும். ஆயில் பிரஷர்ல வால்வு டைமிங்கை மாத்துற புது இன்ஜினுக்கு அது கணக்குலயே இல்லாத ஆயில்.

காத்துல குளிர்ற இன்ஜின்? அங்கே தெர்மோஸ்டாட் கிடையாது, வெயில் கொஞ்சம் பேசத்தான் செய்யும். ஆனா நம்ம ஊர்ல ஓடறதுக்குன்னே செஞ்ச ஆக்டிவாவுக்கு ஹோண்டா சொல்றது 10டபிள்யூ-30. கம்பெனிக்காரன் நம்ம வெயிலைப் பார்க்காமலா எழுதியிருப்பான்?

இன்னொரு கோஷ்டி இருக்கு. அமெரிக்க வீடியோ பார்த்துட்டு, 20டபிள்யூ-50க்குன்னே செஞ்ச பழைய இன்ஜின்ல 0டபிள்யூ-20 ஊத்தச் சொல்ற கோஷ்டி. சாமிகளா, அமெரிக்கால மெல்லிசு ஆயிலைத் தள்ளுறதுல எரிபொருள் சிக்கனச் சட்டத்துக்கும் பெரிய பங்கு உண்டு. டொயோட்டாவோட சில அமெரிக்க மேனுவல்லயே, ரொம்ப வேகமாவோ அதிக பாரத்தோடயோ ஓட்டினா கெட்டி ஆயில் பொருத்தமா இருக்கலாம்னு போட்டிருக்கு. நாட்டுக்கு நாடு ஆயில் மாறும், உண்மைதான். எவ்வளவு மாறலாம்னு அந்தந்த நாட்டு மேனுவல்ல ஒரு பட்டியல் இருக்கும். அதுக்குள்ள எதை வேணா ஊத்துங்க.

அடுத்த தடவை டின்னைத் தூக்கினா, "அண்ணே, மேனுவல்ல என்ன போட்டிருக்கு?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. முறைச்சா முறைக்கட்டும். இன்ஜின் உங்களுது.

டிஸ்கி: கியர் பைக்குல கார் ஆயில் ஊத்திராதீங்க. கிளட்சும் அதே ஆயில்லதான் குளிக்குது. டப்பாவுல ஜாஸோ எம்ஏ இருக்கான்னு பார்த்து வாங்குங்க.