முதல்ல ஒரு செவ்வகம் பின்னுங்கோ

பின்னல் பழக ஆசைப்படுற கனபேர் விடுற முதல் பிழை, ஸ்வெட்டரில தொடங்குறது. இல்லாட்டி மஃப்ளர். நானும் மஃப்ளரில்தான் தொடங்கினன். ஒரு முழம் வந்ததோட அது கட்டிலுக்குக் கீழ போயிட்டுது. மஃப்ளர் சுகமான வேலைதான், ஆனால் முடியாது. முடியாத வேலை ஒருத்தரையும் பழக்காது, வெறுக்கத்தான் வைக்கும்.

யாழ்ப்பாண வெயிலில வளர்ந்த நான் வேலைக்கெண்டு நுவரெலியா வந்தவன். 1,868 மீற்றர் உயரம். தை, மாசி விடியல்களில புல்லில துகள் உறைபனி படியும். முழுக் கையுறை போட்டால் போனும் தட்டேலாது, பேனையும் பிடிக்கேலாது. விரல் வெளியில நிக்க, மணிக்கட்டும் உள்ளங்கையும் சூடா இருந்தால் போதும். பக்கத்து வீட்டு அக்கா சொன்னா: "தம்பி, அது வெறும் செவ்வகம். ரெண்டு பின்னி மடிச்சுத் தையுங்க."

உண்மையிலேயே அவ்வளவுதான். நடுத்தரத் தடிப்புக் கம்பளி நூல், 4 மில்லிமீற்றர் ஊசி ஒரு சோடி. 32 கண்ணி ஏற்றுங்கோ. ஏறக்குறைய 16 சென்ரிமீற்றர் வரும். அதுதான் உறையின்ர நீளம். பிறகு ஒவ்வொரு வரிசையும் ஒரே நேர்ப்பின்னல்தான், வேற ஒண்டும் தேவையில்லை. இடைக்கிடை கையில சுற்றிப் பாருங்கோ. கொஞ்சம் இழுத்தால் ரெண்டு விளிம்பும் முட்டுற அளவு வந்ததும் கண்ணிகளை மூடுங்கோ. தொடக்க விளிம்பையும் முடிவு விளிம்பையும் சேர்த்து, கீழிருந்து 8 சென்ரிமீற்றர் தையுங்கோ. பெருவிரலுக்கு 4 விடுங்கோ. மிச்சத்தையும் தையுங்கோ. ஒரு கை முடிஞ்சுது. 50 கிராம் உருண்டை ஒண்டு சோடிக்குப் பெரும்பாலும் காணும்.

ஒரேயொரு எச்சரிக்கை: சில வரிசைக்கு ஒருக்கால் கண்ணிகளை எண்ணுங்கோ. வரிசைத் தொடக்கத்தில நூல் ஊசிக்கு மேலால போனால் முதல் கண்ணி ரெண்டுபோலத் தெரியும். ரெண்டையும் பின்னினால் 32 மெல்ல மெல்ல 40 ஆகும். எனக்கு அப்பிடித்தான் ஆச்சு. எட்டு வரிசை பிரிச்சன். கண்ணீர் வராத குறை. ஆனால் பிரிச்ச நூல் அப்பிடியே கையில இருந்துது, ஒண்டும் வீணாகேல்லை. சோதினைத் தாளில ஒரு பிழை விட்டால் வாழ்க்கையே போச்சுது எண்டு பழக்கப்பட்ட எங்களுக்கு, பிழையைப் பிரிச்சுத் திருப்பித் தொடங்கலாம் எண்டது ஒரு புதுப் பாடம்.

"கடையில வாங்கலாமே?" எண்டு கேப்பியள். ஓம், மலிவாவும் கிடைக்கும். காசு மிச்சம் பிடிக்கப் பின்னச் சொல்லி நான் சொல்லேல்லை. என்ர முதல் சோடிக்கு நாலு பின்னேரம் போச்சு. அதுக்குப் பிறகு, கையால பின்னினதை விக்கிற ஒரு அம்மாவிட்ட "குறைச்சுத் தாங்கோ" எண்டு கேக்க எனக்கு வாய் வரேல்லை. இவ்வளவு நாளும் அவையளின்ர மணித்தியாலங்களைச் சும்மா வாங்கியிருக்கிறம் எண்டு விளங்கினது அப்பதான்.

மற்றது, பெடியங்களுக்கு. பஸ்ஸில ஊசியை எடுத்தவுடன ஒரு கூட்டாளி சிரிச்சான்: "பொம்பிளை வேலை." பெரு நாட்டில, தித்திகாகா ஏரியில தாக்கீலே எண்டொரு தீவு இருக்கு. அங்க தொப்பி பின்னுறது ஆம்பிளையள். சின்னனிலேயே பழகிவிடுவினம். அந்தத் தீவின்ர நெசவுக் கலையை யுனெஸ்கோ 2005 இல மனிதகுல மரபுச் செல்வமா அறிவிச்சது. ஊசிக்கு ஆண், பெண் தெரியாது. எங்கட வீடுகளில அம்மாமாரும் அக்காமாரும் செய்யிறதால மட்டும் ஒரு வேலை சின்ன வேலையாகுது எண்டால், பிழை வேலையில இல்லை.

என்ர முதல் சோடியில இடக்கை கொஞ்சம் கட்டை. இண்டைக்கும் போடுறன். சிரிச்ச கூட்டாளி போன கிழமை குளிரில விறைச்சுப் போய்க் கேட்டான், "மச்சான், எனக்கும் ஒரு சோடி பின்னித் தாறியோ?"

"மாட்டன். ஊசி தாறன், வா" எண்டன்.