குழந்தைகளுடன் நடந்து செல்லத்தக்க நாட்டுப்புறங்கள்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பிரதேசத்தில் யந்திரசாலைகள் பெருகிய காலந்தொட்டு, ஞாயிற்றுக்கிழமைகளிலும் பள்ளி விடுமுறைகளிலும் குழந்தை குட்டிகளுடன் நாட்டுப்புறத்திற்குப் புறப்பட்டு நடந்து வரும் வழக்கமும் பெருகி வருகின்றது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டபொழுது சிறு பட்டணமாயிருந்த ஓசூர், 2019-இல் மாநகராட்சியாயிற்று. வேலையின்பொருட்டு அங்கே குடியேறியவர்களுள் பலர் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய குழந்தைகளோ, வயலுக்கு அரை மைல் தூரத்திலேயே வளர்ந்தும், கேழ்வரகுக் கதிர் இன்னது, சாமைக் கதிர் இன்னது என்று பிரித்தறியாதவர்களாயிருக்கின்றனர். இக்குழந்தைகளை எவ்விடத்திற்கு அழைத்துச் செல்வது தக்கது என்னும் கேள்வி பெற்றோர்களை மட்டும் பொறுத்ததன்று. நடைபாதை எவருடைய வரப்பின்மேல் செல்கின்றதோ அவரையும் பொறுத்ததாகும். ஆகையால் விவசாயிகளுக்குரிய இப்பத்திரிகையில் அதனை ஆராய்வது பொருத்தமேயாம்.

தற்சமயம் பெரும்பாலோர் இடத்தைப் பெயரைக்கொண்டு தேர்ந்தெடுக்கின்றனர். அருவி என்றும், உச்சி என்றும், அடர்ந்த காடு என்றும் எவருடைய வாயிலாகவோ கேள்விப்பட்டதும் வண்டியேறிவிடுகின்றனர். இம்முறை பெரியவர்களுக்கு ஏற்றதாயிருக்கலாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஏற்றதன்று. இடத்தின் பெயரைக் காட்டிலும் மாதத்தைக் கவனிப்பதே சரியான முறை. எந்த மாதத்தில் எந்தக் கிராமத்தில் என்ன வேலை நடைபெறுகின்றதோ, அதை அறிந்து அவ்விடத்திற்குச் செல்லுதல் வேண்டும். இம்மாவட்டத்தைப்போல் இதற்கு வசதியான பிரதேசம் வேறொன்று அகப்படுவது அரிது. ஓசூர் மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில் ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் உள்ளது. கிருஷ்ணகிரியோ அதனினும் ஆயிரம் அடிக்கு மேல் தாழ்ந்த பாராமகால் சமவெளியில் உள்ளது. இரண்டிற்கும் இடையே ஒரு மணி நேரப் பிரயாணந்தான். ஆயினும் காற்றும் பயிரும் வேறுபடுகின்றன. மேலே குளிர்ந்து மழை தூறும் நாளிலும் கீழே வெயில் காய்வதுண்டு. ஒன்று ஒவ்வாத மாதத்தில் மற்றொன்று ஒக்கும்.

முதலாவதாக விலக்க வேண்டியதைச் சொல்லிவிடுதல் நன்று. தளி, சவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி ஆகிய மேற்குப் பக்கங்களில் ஐப்பசி தொடங்கித் தை, மாசி வரையில் குழந்தைகளுடன் காட்டோரத்தில் நடக்கலாகாது. கர்நாடகத்துப் பன்னார்கட்டா வனத்திலிருந்து யானைக் கூட்டங்கள் இக்காலத்திலேதான் இப்பக்கம் வருகின்றன. அவை வருவதற்குக் காரணம் அக்குடியானவர்களின் கேழ்வரகுதான். ஆனி, ஆடியில் விதைத்த கேழ்வரகு முற்றிக் கதிர் தலைசாயும் தருணத்தை யானை மறப்பதில்லை. இரவெல்லாம் பரண்மேல் விழித்திருந்து தகரம் தட்டிக் காவல் காத்த குடியானவன், காலை ஏழு மணிக்குக் குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு புகைப்படம் எடுக்க வரும் குடும்பத்தைக் கண்டால் திகைக்காமல் என்ன செய்வான்? புதரில் பின்தங்கிய யானை ஒன்று பகலிலும் நிற்கக்கூடும் என்பது அவனுக்குத் தெரியும், வந்தவர்களுக்குத் தெரியாது.

இக்காடுகளில் ஒரு பகுதி 2014-இல் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாகவும், மற்றொரு பகுதி 2022-இல் காவேரி தெற்குச் சரணாலயமாகவும் ஏற்படுத்தப்பட்டன. அனுமதியின்றி உள்ளே நுழைவது சட்டப்படி குற்றம். சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி நடந்தது எவர் நினைவையும் விட்டு நீங்கத்தக்கதன்று. கோடையில் காய்ந்த புல்லில் பற்றிய தீ, மலையேறச் சென்றவர்களைச் சூழ்ந்துகொண்டது; 23 பேர் மாண்டனர். அதன்பின் அவ்வாண்டிலேயே காட்டுப் பாதைகளில் நடப்பதற்குத் தனி விதிகள் ஏற்பட்டன. 2024-இல் தமிழக வனத்துறை 40 பாதைகளை வழிகாட்டிகளுடன் பொதுஜனங்களுக்குத் திறந்தது. காட்டைக் காண வேண்டுமென்ற ஆசையுள்ளவர்கள், குழந்தைகள் சற்று வளர்ந்த பிறகு, அவ்வழியில் பதிவு செய்துகொண்டு செல்வதே முறையாகும்.

விலக்கத்தக்கது போக, மிஞ்சியிருப்பது குறைவன்று. கார்த்திகை, மார்கழியில் ஓசூரைச் சுற்றிக் காட்டுக்கு விலகிய கிராமங்களில் கேழ்வரகு அறுவடையாகிப் போர் போடப்பட்டிருக்கும். மைசூர்ச் சீமையில் அக்கடி சாலு என்று வழங்கும் முறைப்படி, கேழ்வரகினிடையே சால்விட்டு விதைத்த மொச்சையும் துவரையும் அப்பொழுது தனித்து நிற்கும். கதிர் அறுத்த தாளில் காலைப்பனி படிந்திருக்கையில் அந்நிலங்களின் ஓரமாய் நடப்பதைக் காட்டிலும் இனிய நடை இப்பக்கத்தில் இல்லை. களத்துமேட்டில் கல்லுருளையோ யந்திரமோ ஓடும். குழந்தை அங்கேதான் நின்றுவிடும். அதை அவசரப்படுத்தி இழுத்துக்கொண்டு அடுத்த இடத்திற்கு விரைவது பெற்றோர் செய்யும் பெரும் பிழை. ஒரு பிடி கேழ்வரகை உள்ளங்கையில் கசக்கி ஊதிப் பார்த்த குழந்தைக்கு, மறுநாள் தட்டில் வரும் களியுருண்டை அந்நியமாயிராது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு என்று புத்தகத்தைக் காட்டிச் சொல்லும் போதனையினும் இது அதிகப் பலன் தரும். ஒரே தானியத்தைக் களத்திலிருப்போர் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அழைக்கக் கேட்பது எல்லைப்புறத்துக் குழந்தைகளுக்கே கிட்டும் லாபம்.

தையும் மாசியும் கிருஷ்ணகிரி, பர்கூர், சந்தூர்ப் பக்கத்து மாந்தோப்புகளுக்குரியவை. மாமரங்கள் பூத்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிராது. ஆனால் பூவுக்கு மருந்து அடிக்கும் காலமும் அதுவே. தோப்புக்காரரைக் கேட்டு, அன்றும் முதல் நாளும் மருந்து அடிக்கவில்லையென்று தெரிந்துகொண்ட பிறகே குழந்தைகளை உள்ளே விடவேண்டும். பூங்கொத்தை ஒடித்தால் காய் இல்லை என்பதையும் முன்பே சொல்லிவைக்கவேண்டும். மாசி, பங்குனியில் புளி உலுக்கும் வேலை நடக்கும். புளியமரச் சாலையில் நடப்பதற்கு நிழல் உண்டு. வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் புளியைத் தட்டிக் கொட்டை எடுப்பதையும் காணலாம். சித்திரை முதல் ஆனி வரை மாங்காய் இறங்கும். பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் சொல்லப்படும் ரகம் கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாய்ப் போகும் காலம் அது. ஆயினும் அப்பொழுது காலை ஒன்பது மணிக்குமேல் கிருஷ்ணகிரி வெயிலில் குழந்தைகளை நடத்துவது கொடுமை. அம்மாதங்களில் ஓசூர் மேட்டு நிலமே தக்கது.

தொரப்பள்ளி அவ்வகையில் நல்லதோர் இடம். இராஜாஜி 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி பிறந்த வீடு அங்கே அரசாங்கத்தால் நினைவில்லமாகப் பாதுகாக்கப்படுகின்றது. ஊரைச் சுற்றிக் காய்கறித் தோட்டங்களும் மலர்த் தோட்டங்களும் உள்ளன. அருகே ஓடும் தென்பெண்ணையில் மட்டும் குழந்தைகளை இறக்கலாகாது. நந்தி மலையில் பிறக்கும் இவ்வாறு பெங்களூரின் கழிவுநீரை ஏற்றுக்கொண்டு வருகின்றது. கெலவரப்பள்ளி அணையில் நீர் திறந்துவிடும்பொழுது வெண்ணுரை மலைபோல் பொங்குவதைப் பல ஆண்டுகளாக ஜனங்கள் பார்த்து வருகின்றனர். அந்நுரையைப் பனி என்று சொல்லிக் குழந்தைகளை அதனருகில் நிறுத்திப் படம் பிடிப்போரும் உண்டு. அந்நீரையே பாய்ச்சிப் பயிரிட வேண்டியிருக்கும் ஆயக்கட்டுக் குடியானவர்களிடம் ஐந்து நிமிஷம் பேசினால் அவ்விளையாட்டு நின்றுபோம்.

மத்திகிரியில் 1824-இல் ஏற்பட்ட கால்நடைப் பண்ணை 1,600 ஏக்கருக்கு மேல் விரிந்தது. முன்கூட்டி அனுமதி கிடைக்குமாயின் பார்க்கத்தக்கது. ரெயிலில் போக விரும்புகிறவர்களுக்கு இராயக்கோட்டை உண்டு. நிலையத்தில் இறங்கித் தக்காளிச் சந்தையைப் பார்த்துவிட்டுக் கோட்டைக் குன்றில் ஏறலாம். 1791-இல் ஆங்கிலேயர் திப்பு சுல்தானிடமிருந்து பிடித்த கோட்டை இது. எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் பாதிவரையிலாவது ஏறுவர். பாதியில் திரும்பினால் குற்றமில்லை. கிருஷ்ணகிரிக் கோட்டை செங்குத்தான பாறை. அது சிறு குழந்தைகளுக்கன்று. மொட்டைப் பாறைக் குன்றுகள் எல்லாவற்றிலும் சித்திரை, வைகாசி மாதப் பிற்பகல்களில் இடி விழும் அபாயம் உண்டு. பாறை இடுக்குகளில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கும். அங்கே புகை மூட்டுவதும் கல்லெறிவதும் உயிருக்கே உலை வைக்கும். மல்லசந்திரத்துக் கல்திட்டைகள் உள்ள குன்று இவற்றினும் எளிது. நாலு பலகைக் கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடிய அப்பழங்கால ஈமச்சின்னங்களைக் குழந்தைகள் வீடு என்றே எண்ணுவர். ஜனங்களும் இத்தகையவற்றைப் பாண்டவர் வீடு என்று அழைப்பதுண்டு.

கிருஷ்ணகிரி அணையைப்பற்றி ஒரு வார்த்தை. 1957-இல் திறக்கப்பட்டது, ஏறக்குறைய 9,000 ஏக்கருக்குப் பாசனம் அளிப்பது. வருவோரில் பெரும்பாலோர் பூங்காவில் உட்கார்ந்து, வறுத்த மீனைத் தின்று, திரும்பிவிடுகின்றனர். மீன் நன்றாகவே இருக்கின்றது. அதில் ஆக்ஷேபணை இல்லை. ஆனால் மதகிலிருந்து கால்வாய் பிரிந்து நெல்வயலுக்குப் போகும் வழியைப் பின்பற்றி ஒரு மைல் நடந்தால், அணை எதற்காகக் கட்டப்பட்டது என்பது குழந்தைக்கும் விளங்கும். கால்வாய் ஓடும் நாளில் கரையின் உட்புறமாகப் பெரியவர் ஒருவர் நடக்க, குழந்தை வெளிப்புறமாக நடத்தல் வேண்டும்.

நடையின் தூரத்தைத் தீர்மானிப்பது கூட்டத்தில் மிகச் சிறிய காலே. ஐந்து வயதுக் குழந்தைக்குப் போக வர இரண்டு மைல், அதாவது மூன்று கிலோமீட்டர், போதுமானது. நிழலும் குடிநீரும் வழியில் உண்டா என்பதை முன்னர் ஒருமுறை தனியே சென்று பார்த்துவருவது உத்தமம். கைவிடப்பட்ட கருங்கல் குவாரிகளை எவ்விதத்தும் சேர்க்கலாகாது. இம்மாவட்டத்தில் அவை பல. மழைநீர் தேங்கிப் பச்சையாய் அழகாகத் தோன்றும் அக்குழிகளுக்குச் சரிவான கரையே கிடையாது. கால் வைத்த இடத்திலேயே ஆழம்.

குடியானவர்களின் குறைகளும் நியாயமானவையே. படலைத் திறந்து போட்டுப் போகின்றனர். மாடு பயிரில் விழுகின்றது. உடைந்த பாட்டில் உழவுமாட்டின் குளம்பில் ஏறுகின்றது. எறிந்த பிளாஸ்டிக் பையைப் பசு தின்கின்றது. இவற்றைக் கண்டு வெறுத்து வழியையே அடைத்துவிட்ட கிராமங்களும் உண்டு. அவ்வாறு அடைப்பது இயல்பேயாயினும், அதனால் நஷ்டம் குடியானவருக்கே என்று தோன்றுகின்றது. அறுவடையான நிலத்தை ஓசூர்க் குழந்தை ஒன்று பார்த்து, "இது காலி மனையா?" என்று கேட்குமாயின், அதில் வியப்பொன்றுமில்லை, அது பார்த்து வளர்ந்தவையெல்லாம் கல் நட்டு எண் எழுதிய மனைகளே. அக்குழந்தை இருபது ஆண்டுகளில் மனை வாங்குபவனாகவோ, சாலைக்கு நிலம் அளப்பவனாகவோ, கழிவுநீரை எங்கே விடுவது என்று தீர்மானிப்பவனாகவோ வரும். தரிசாய்க் கிடப்பது காலி நிலமன்று, அடுத்த மழைக்குக் காத்திருக்கும் நிலம் என்று அதற்கு இப்பொழுது சொல்லக்கூடியவர் அந்நிலத்துக்காரர் ஒருவரே.

ஆதலால் வழியை அடைப்பதைவிட வகைப்படுத்துவது நலம். எந்த வரப்பில் நடக்கலாம், எந்தத் தோட்டத்தில் கேட்டு நுழையலாம் என்பதை ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பேசி ஊராட்சியின் மூலம் ஒரு பலகையில் எழுதிவைக்கலாம். இளநீர், வேர்க்கடலை, மொச்சைக்காய், காலத்தில் மாம்பழம் இவற்றை ஏரிக்கரையிலேயே விற்கலாம். தரகர் இல்லாத விற்பனை அது. வருகின்ற குடும்பத்தாரும் முதலில் கண்ட பெரியவரை "ஐயா, இவ்வழி போகலாமா?" என்று கேட்டுவிட்டு நடப்பார்களாயின், பெரும்பாலும் போகலாம் என்ற பதிலோடு எந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை என்ற செய்தியும் கிடைக்கும். கைப்பிடிச் சுவரில்லாத அத்தகைய கிணறுகளைப் பள்ளி விடுமுறைக்கு முன்னரே முள்வேலியிட்டு வைப்பதை அந்தந்த ஊராட்சியார் மேற்கொள்ளுவாராக.