திண்ணையில் இருக்கும் கேமரா

கல்யாண வீடியோ எடுக்கிற என் தங்கச்சி மகன் போன வாரம் ஒரு கேமரா பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, "மாமா, பத்து நாள் வச்சிருந்து பாருங்க. பிடிச்சா எடுத்துக்கங்க, இல்லேன்னா வேற ஆளுக்குக் கொடுத்திடறேன்"ன்னு சொல்லிட்டுப் போனான். கேனான் எக்ஸ்ஏ11. 2017-ல் வந்த மாடல். அவன் இப்போ லென்ஸ் மாத்துற கேமராவுக்குப் போயிட்டான். பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னாடி எல்லாம் மங்கலாத் தெரியணும்னு கல்யாண வீட்டுக்காரங்க கேக்குறாங்களாம். அதனால இது மூலைக்கு வந்துடுச்சு. அவன் சொன்ன விலைக்கு நல்ல கறவை மாடு ஒண்ணு வாங்கலாம். இதை நான் சொல்லலை, வீட்டுக்காரம்மா சொன்னது.

"கையில போன் இருக்கு, அதுல எடுக்காத படமா?" என்பதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. நானும் போன வருஷம் வரைக்கும் அப்படித்தான் நினைச்சிருந்தேன்.

எங்க ஊர் ஏரிக்கு நீர்க்கட்டியா இருந்த பெரியவரைப் பற்றி முன்னாடியே இங்கே எழுதியிருக்கேன். எந்த மடையை எத்தனை சாண் தூக்கினா கடைமடை வயலுக்கு எப்போ தண்ணி போய்ச் சேரும்னு மனசுக்குள்ளயே கணக்கு வச்சிருப்பார். கூலியா களத்துமேட்டுல நெல் வாங்கின கடைசி ஆள். அதைவிட முக்கியம், ஏரிக்கு வர்ற வரத்துக் கால்வாய் எந்த வழியா வந்ததுன்னு நடந்தே பார்த்தவர். அந்தக் கால்வாய்ல ஒரு பகுதி இப்போ கண்ணுக்கே தெரியாது. மேல மனை போட்டு, கல் நட்டு, பாதி வித்தும் போச்சு. கேட்டா "இங்க ஏது கால்வாய்?" என்கிறார்கள்.

போன வருஷம் ஆடியில் அவரைக் கரைமேல உட்கார வச்சு, முக்கால் மணி நேரம் போன்ல எடுத்தேன். மனுஷன் கையை நீட்டி நீட்டி அத்தனையும் சொன்னார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தா படம் கண்ணாடி மாதிரி இருக்கு, சத்தம் பூரா காத்து. ஆடிக் காத்து "உர்ர்ர்"ன்னு அடிக்குது, நடுவுல ஒண்ணு ரெண்டு வார்த்தை. போதாததுக்கு வெயில்ல போன் சூடாகி கடைசிப் பகுதி பதிவாகவே இல்லை. அப்புறம் அவருக்கு உடம்புக்கு முடியாமப் போச்சு. இப்போ கம்பு ஊன்றித்தான் நடக்கிறார், குரலும் பாதியாயிடுச்சு. அந்த முக்கால் மணி நேரத்தை நினைச்சா இன்னைக்கும் எனக்கு வயிறு எரியும்.

அதனால பையைத் திறந்ததும் நான் முதல்ல பார்த்தது லென்ஸை இல்லை, மைக் சொருகிற இடத்தை. மேல இருக்கிற கைப்பிடியில ரெண்டு எக்ஸ்எல்ஆர் வாய் இருக்கு. மேடைக் கச்சேரியில மைக் வயர் முனையில மூணு முள்ளோட உருண்டையா இருக்குமே, அதேதான். ரெண்டுக்கும் தனித்தனியா சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு. ஒண்ணுல பெரியவர் சட்டையில குத்துற காலர் மைக், இன்னொண்ணுல கேமரா மேல நிக்கிற நீள மைக், அதுக்குக் காத்துத் தடுக்க முடி வச்ச உறை. ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு காப்பாத்தும். ஒரு சங்கதி மட்டும் கவனம். அந்தக் கைப்பிடியைக் கழட்டிட்டா கேமரா ரொம்பச் சின்னதாயிடும், பைக் பெட்டியிலகூடப் போகும். ஆனா இந்த ரெண்டு வாயும் கைப்பிடியோடவே போயிடும்.

அடுத்தது, எடுத்துக்கிட்டே இருக்கலாம். மருமகனோட பழைய கேமரா அரை மணி ஆனா தானா நின்னுடும், அந்த மாதிரி கேமராக்கள் நிறைய அப்படித்தான். இதுல அந்தத் தொல்லை இல்லை. ரெண்டு எஸ்டி கார்டு போடலாம். ஒண்ணு நிறைஞ்சா மத்ததுக்குத் தாவும், இல்லேன்னா ரெண்டுலயும் ஒரே நேரத்துல பதியச் சொல்லலாம். நல்ல தரத்துல வச்சா மணிக்குப் பதினாறு ஜிபி ஆகுது, 64 ஜிபி கார்டுல நாலு மணி நேரம் ஓடும். கிழவர் வெத்தலை போட்டு, துப்பி, எங்கேயோ போய்ச் சுத்தித் திரும்பி விஷயத்துக்கு வர அந்த நேரம் வேணும். இருபது மடங்கு ஜூம் இருக்கு. கரையில நின்னபடியே எதிர்க்கரை கலங்கலைக் கிட்ட இழுத்துக் காட்டினேன். "அதோ, அந்த மூணாவது கல்லுதான்"னு சொல்லிட்டார்.

குறை இல்லாம இல்லை. சின்ன சென்சார், சூரியன் சாய்ஞ்சா படத்துல புள்ளி புள்ளியா வருது. லென்ஸைச் சுத்தி ஒரே ஒரு வளையம்தான், போகஸுக்கும் அதே, ஜூமுக்கும் அதே, நடுவுல ஒரு சுவிட்சை மாத்தணும். நான் ரெண்டு தடவை தப்பா மாத்தி, பெரியவர் முகத்துக்குப் பதிலா ஆலமரத்துக்குப் போயிட்டேன். மத்தியான வெயில்ல திரையில ஒண்ணும் தெரியலை, தலையில துண்டைப் போட்டுக்கிட்டுப் பார்த்தேன். அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர் மாதிரி இருந்ததாம், பசங்க சிரிச்சானுங்க. இருட்டுல எடுக்க அகச்சிவப்பு விளக்கும் இருக்கு. மாட்டுக் கொட்டாய் எலிக்குப் போதும், வயல் முழுக்கப் பாயாது. 4கே கிடையாது. எனக்கு அது ஒரு குறையாவே படலை, என் கம்ப்யூட்டர் இதுக்கே முக்குது.

உண்மையில நான் பயந்தது வேற ஒண்ணுக்கு. பெரிய கேமராவைக் கண்டா ஊர்ல ஆளே மாறிடுவாங்க. பெரியவரும் முதல் நாள் அப்படித்தான், சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கிட்டு, "அனைவருக்கும் வணக்கம்"னு ஆரம்பிச்சார். முன்னாடி எரியுற சிவப்பு விளக்கையே பார்த்துக்கிட்டிருந்தார். மறுநாள் அந்த விளக்கை அணைச்சுட்டு, கேமராவை என் மடியில வச்சு, திரையை மேல திருப்பிக்கிட்டு, அவர் பக்கத்துலயே சம்மணம் போட்டேன். கொஞ்ச நேரத்துல, "ஏம்பா, உங்கப்பன் என்கிட்ட மடைச் சண்டை போட்டானே, தெரியுமா உனக்கு?"ன்னு ஆரம்பிச்சார். அதுக்கப்புறம் நிக்கவே இல்லை.

தெலங்கானாவுல சாகீராபாத் பக்கம் பஸ்தாபூர்ல, டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியைச் சேர்ந்த பெண்கள் ரொம்ப வருஷமா தாங்களே வீடியோ எடுக்கிறாங்க. பெரும்பாலும் தலித் விவசாயப் பெண்கள், பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சினிமாக்காரங்க வச்ச பேரை விட்டுட்டு அவங்களே பேர் வச்சாங்க. கீழ இருந்து அண்ணாந்து எடுத்தா அடிமை ஷாட், மேல இருந்து குனிஞ்சு எடுத்தா பட்டேல் ஷாட், கண்ணுக்குக் கண் நேரா எடுத்தா சங்கம் ஷாட். அதைப் படிச்சப்போ பேர் நல்லா இருக்கேன்னு மட்டும் நினைச்சேன். மடியில கேமராவோட கரையில உட்கார்ந்தப்பதான் அர்த்தம் புரிஞ்சது.

என் கருத்து இதுதான். வீட்டுக்கு வீடு போன் இருக்கு, ஊருக்குன்னு ஒழுங்காச் சத்தம் பிடிக்கிற ஒரு கேமரா இல்லை. நம்மாழ்வார் ஐயா 2013-ல் போனார். இன்னைக்கும் அவர் பேச்சை நாம கேட்கிறோம்னா, யாரோ சிரமப்பட்டுப் பதிஞ்சு வச்சதாலதான். ஒவ்வொரு ஊர்லயும் பேர் வெளிய தெரியாத ஆட்கள் இருக்காங்க. அவங்க முன்னாடி மைக் வைக்க ஆள் இல்லை. டிராக்டரைச் சேர்ந்து வாங்குறோம், சாமியானாவைச் சேர்ந்து வாங்குறோம். பத்துப் பேர் சேர்ந்தா இது பெரிய காசா? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைக்கும் இதைக் கொண்டுபோய் ஓரமா நிறுத்தலாம். யார் என்ன சொன்னாங்கன்னு அப்புறம் மாத்திப் பேச முடியாது. இதைச் சொன்னதும் எங்க வார்டுல ரெண்டு பேர் முகம் மாறினதை நான் பார்த்தேன்.

பதிவு காலத்துக்கும் சாட்சியா நிக்குமா, நிலத்தை அளக்கும்போது ஏத்துக்குவாங்களான்னு ஒருத்தர் கேட்டார். அது மட்டுமே போதாதுதான், பழைய வரைபடமும் வேணும். ஆனா வரைபடத்துல இருக்கிற கோடு எந்தப் பனைமரத்துல திரும்புச்சுன்னு சொல்ல ஆள் வேணுமே. அந்தப் பனைமரத்தை வெட்டின வருஷம் முதற்கொண்டு அவர் சொல்லிட்டார், ரெண்டு கார்டுலயும் இருக்கு.

நேத்து ராத்திரி வீட்டுக்காரம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். எங்கப்பா சண்டை போட்ட கதையில சிரிச்சா. முடிஞ்சதும், "ரெண்டாவது மடைப் பக்கத்தை அவர் சொல்லவே இல்லையேங்க"ன்னா. ஆமா, அது பாக்கி இருக்கு. நாளைக்கு அவரைக் கரை வரைக்கும் தூக்கிட்டுப் போக மாட்டுவண்டி கேட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை மருமகன் வர்றான். மாட்டுக்குச் சொன்ன முன்பணத்தை நான் இன்னும் கொடுக்கலை.