கத்தியால் பரவிய மதமா?

"இந்தியாவில் இஸ்லாம் கத்தி முனையில் பரப்பப்பட்டது" என்று மேடைதோறும் சொல்லப்பட்டு வருகிறது. முஸ்லிம் அரசர்களில் சிலர் கோவில்களை இடித்ததையும், 1679-ல் அவுரங்கசீப் ஜசியா வரியை மறுபடியும் விதித்ததையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் கத்திதான் காரணமென்றால், சுமார் 600 வருஷ காலம் அவ்வரசர்களின் பிடியிலிருந்த பிரதேசத்தில் அல்லவா முஸ்லிம்கள் நிரம்பியிருக்க வேண்டும்? 1941-ம் வருஷ ஜனக் கணக்கிலோ, ஆக்ராவும் லக்னோவும் அடங்கிய ஐக்கிய மாகாணத்தில் அவர்கள் நூற்றுக்குச் சுமார் 15 பேரே. டில்லிக்கு வெகுதூரத்திலுள்ள வங்காளத்தில் பாதிக்கு மேல்!

நிற்க. 1981-ல், அன்றைய திருநெல்வேலி ஜில்லா மீனாட்சிபுரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்தில் சேர்ந்தார்களே, அப்போது அரசாண்டது எந்த சுல்தான்? கத்தி இல்லையென்றதும் "அரபு நாட்டுப் பணம்" என்றார்கள். தீண்டாமை என்று சொல்லப் பலருக்கு நா எழவில்லை.

"இஸ்லாத்தில் உயர்வு தாழ்வே இல்லை" என்று முஸ்லிம் தோழர்கள் சொல்வதையும் நாம் அப்படியே நம்ப வேண்டியதில்லை. அவர்களுக்குள்ளும் அஷ்ரப், அஜ்லப், அர்சல் என்ற பிரிவுகள் உண்டென்பதை 2006-ம் வருஷ சச்சார் கமிட்டி அறிக்கையிலேயே காணலாம். எவர் சொன்னாலும் ஆதாரம் கேட்பதே அறிவு.

ஆனால், ஒருவனை வீட்டுக்குள் விடாமல் வாசலை அடைத்தவர்கள், அவன் வேறு வீட்டுக்குப் போனதும், "யார் இழுத்துப் போனது?" என்று கூச்சலிடுவது யோக்கியமாகுமா?