இராயபுரத்தின் கரை

சென்னைக்கு வரும் உறவினர்களை மாலை வேளையில் மெரினாவுக்கு அழைத்துச் செல்வது நம் வழக்கம். கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும் மணல்வெளியைக் கண்டு அவர்கள் வியப்பார்கள். அம்மணல் எங்கிருந்து வந்தது, யாருடைய பங்கில் குறைந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. விடை காண வேண்டுமானால் துறைமுகத்தைக் கடந்து வடக்கே செல்லவேண்டும். இம்மாதம் நாம் இராயபுரத்துக்குச் செல்வோம்.

ஊரின் பெயரே நம் இல்லங்களில் பழகிய பெயர்தான். முதல் திருத்தந்தையை நம் முன்னோர் இராயப்பர் என்றே அழைத்தனர். பிற்காலத்தில் திருவழிபாட்டு நூல்களில் ‘பேதுரு’ இடம்பெற்றுவிட்டார். எனினும், பேருந்துப் பலகையிலும் புகைவண்டி நிலையத்திலும் இராயப்பர் அசையாமல் நிற்கிறார். அவர் பெயரால் அங்கு எழுந்த ஆலயம் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. அதை எழுப்பியவர்கள் செல்வச் சீமான்கள் அல்லர், படகோட்டிகள். மீனவராகிய திருத்தூதருக்குக் கடலோடிகள் கட்டிய கோயில் என்பது பொருத்தந்தானே!

அந்நாளைய படகோட்டிகளின் தொழிலை இக்காலத்துப் பிள்ளைகள் அறியார். சென்னைக்கு அன்று துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து வெகுதொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். நடுவிலோ, எப்பொழுதும் ஓயாது புரளும் அலைகள். கப்பற் படகுகள் அவ்வலைகளில் சிக்கினால் நொறுங்கிப்போகும். மசூலாப் படகு மட்டுமே அதனைத் தாண்டும். அதில் இரும்பு ஆணி ஒன்றேனும் இராது. பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது படகு உடையாமல் வளைந்து கொடுக்கும். தண்டேல் பின்னே நின்று துடுப்பால் திசை காட்ட, ஏனையோர் அவன் குரலுக்கேற்பத் தண்டு வலிப்பர். ஆளுநரானாலும் குருவானவரானாலும் இவர்கள் தோள்வலியை நம்பியே சென்னை மண்ணில் கால் வைத்தனர். கட்டுமரக்காரர்களோ ஓலையால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை நனையாமல் வைத்துக்கொண்டு கப்பலுக்கும் கரைக்கும் இடையே சென்று வந்தனர். தபால் இலாகாவுக்கு இவர்களும் முன்னோடிகளே என்று நாம் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணப் புகைவண்டி புறப்பட்டது. 1873-இல் சென்ட்ரல் நிலையம் ஏற்பட்டபின் அந்தப் பெருமை சிறிது சிறிதாக நகர்ந்து போயிற்று. நெடிய தூண்களைக் கொண்ட பழைய கட்டடம் இன்றும் நிற்கிறது. ஆனால், அவ்வழியே அன்றாடம் போவோருள் அதனை ஏறிட்டுப் பார்ப்பவர் சிலரே.

படகோட்டிகளின் வாழ்வை மாற்றியது புகைவண்டி அன்று, துறைமுகம். 1861-இல் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று அமைந்தது. 1875-இல் துறைமுகப் பணி தொடங்கிற்று. 1881-ஆம் ஆண்டுப் புயல் கட்டிய சுவர்களைத் தகர்த்தெறிந்தது. மீண்டும் கட்டினார்கள். கிழக்கு நோக்கியிருந்த வாயிலில் மணல் சேர்ந்து தொல்லை தந்ததால், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாயிலை வடகிழக்கே மாற்றினார்கள். கப்பல்கள் கரையை ஒட்டியே நின்றபின் மசூலாப் படகுக்கு என்ன வேலை? தலைமுறை தலைமுறையாகக் கைவந்த கலை சில பத்தாண்டுகளில் பயனற்றுப் போயிற்று.

தொழில் போனதோடு முடியவில்லை. நம் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் தங்கியிருப்பதன்று. ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்கின்றன. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் சில மாதங்களில் மட்டும் ஓட்டம் திரும்புகிறது. இந்தப் பாதையின் குறுக்கே துறைமுகச் சுவர் எழுந்தது. தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே தேங்கிற்று, மெரினா அகன்றது. வடக்கே போய்ச் சேரவேண்டிய மணல் போகவில்லை. ஆனால், அங்குள்ள மணலை அலைகள் முன்போலவே அள்ளிச் சென்றன. வரவின்றிச் செலவு மட்டும் நடக்கும் குடும்பம் என்னவாகும்? இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரையில் கரை தேய்ந்தது. வலை உலர்த்திய இடமும் கட்டுமரம் ஏற்றிய இடமும் குடிசைகள் நின்ற இடமும் கடலுக்குள் போயின. இப்பொழுது அங்கு மணலுக்குப் பதிலாகக் கருங்கற்கள் குவிந்து கிடக்கின்றன. கடலுக்குள் நீளும் ‘தூண்டில் வளைவு’களும் போட்டிருக்கிறார்கள். கல் போட்ட இடம் தப்பிக்கிறது. அதற்கு வடக்கே அரிப்பு தொடங்குகிறது. நகரம் மெரினாவைப் புகழும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை என்பது நம் கருத்து.

எனினும் இராயபுரம் ஒடுங்கிவிடவில்லை. ஆர்மேனியப் பெயர் தாங்கிய ஆரத்தூன் சாலையும், 1910-இல் எழுந்த பார்சிகளின் அக்கினிக் கோயிலும், மாதா கோயில் தெருவும், கல்மண்டபமும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் இருக்கின்றன. 1949-ஆம் ஆண்டு செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த இராபின்சன் பூங்காவும் இப்பகுதியிலேயே உள்ளது. 1980-களில் காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் அமைந்தபின் விசைப்படகு, பனிக்கட்டி, ஏலம், வண்டி என்று புதிய தொழில்கள் பெருகின. விடியுமுன்பே அங்குப் பகல் தொடங்கிவிடுகிறது. கூடையுடன் ஏலத்தில் நிற்கும் பெண்கள் விலையை விரல்நுனியில் கணக்கிடுவதைக் கண்டால் நம் வங்கி அலுவலர்களும் நாணுவார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடை. மீனினம் பெருக இது தேவை; மறுப்பதற்கில்லை. ஆனால், பள்ளிக் கட்டணமும் புத்தகச் செலவும் வருவது அந்த மாதங்களில்தான். அரசு தரும் நிவாரணத் தொகை கைக்கு எட்டுமுன் காதணி அடகுக்கடைக்குப் போய்விடுகிறது. படகுகள் மீண்டும் கடலுக்குச் சென்று இரண்டு வாரம் ஆகுமுன் ஜூன் 29, இராயப்பர் திருநாள் வந்துவிடும். அதற்கு முன்பாகவே நகையை மீட்டுவிடவேண்டும் என்பது பல அன்னையரின் கவலை.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. வீடிழந்த வடசென்னைக் குடும்பங்கள் பல, தற்காலிகக் கொட்டகைகளில் துன்புற்றபின், நகரின் தென்கோடியிலுள்ள செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டன. அங்குக் கல்வீடு கிடைத்தது; கதவும் கூரையும் கிடைத்தன. காசிமேடோ அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஆண்கள் படகிலேயே தங்கி ஒருவாறு சமாளிக்கலாம். ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத் தெருவாக விற்றுக் குடும்பம் நடத்தும் பெண் என்ன செய்வாள்? அவளுக்கு வீடு ஒதுக்கியவர்கள், காசிமேட்டில் ஏலம் தொடங்கும் நேரத்தையும் செம்மஞ்சேரியிலிருந்து முதல் பேருந்து புறப்படும் நேரத்தையும் அருகருகே எழுதிப் பார்த்தார்களா என்பதே நமக்குள்ள ஐயம்.